மடி நெல்லும் உன் அத்தியாயமும்

தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே யாரும் சௌக்கியமாக இல்லை. ஆகவே அந்த வரியை விட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நீ எழுதிய கடிதம் போன வாரம் வந்தது. "அந்த அத்தியாயம் முழுக்க என் கற்பனை, அப்படி ஒரு சாவடியும் இல்லை, அப்படி ஒரு மனுஷரும் இல்லை என்று சர்வகலாசாலைக்கும் சமஸ்தானத்துக்கும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் அம்மா, நீங்கள் சரி என்றால் போதும்" என்று கேட்டிருந்தாய். சரி என்று பதில் எழுதி, உறையும் ஒட்டி, தபால்காரர் வரட்டும் என்று வைத்திருந்தேன். நேற்று அந்த உறையைக் கிழித்து அடுப்பில் போட்டேன். எழுதிக் கொடுக்காதே. ஏன் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு காகிதம். பொறுமையாகப் படி.

உனக்குத் தெரிந்த கதையிலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன். எழுத எழுதத்தான் எனக்கே எல்லாம் ஒழுங்காக விளங்குகிறது. அரிமளத்துக்குத் தெற்கே, சமஸ்தானம் முடிகிற இடத்தில் நம் ஊர். வீடெல்லாம் ஓடைக்கு இந்தப் பக்கம். வயலில் பாதி ஓடைக்கு அந்தப் பக்கம், ராமநாதபுரம் ஜில்லாவில். முன்பெல்லாம் அந்த எல்லையை யார் நினைத்துப் பார்த்தார்கள்? மாடு மேய்க்கப் போகிறவர்களுக்கு இரண்டும் ஒரே மண்தான். யுத்தம் வந்தது, அரிசித் தட்டுப்பாடு வந்தது, பெர்மிட் இல்லாமல் ஒரு மணி தானியம் எல்லை தாண்டக்கூடாது என்று இரண்டு ராஜாங்கமும் பேசி வைத்துக்கொண்டு சட்டம் போட்டன. ரோட்டோரம் ஓட்டுக் கொட்டகை ஒன்று முளைத்தது, அதுதான் சாவடி. பெர்மிட்டைப் பார்த்து முத்திரை குத்துகிற குமாஸ்தாவாக உன் அப்பாவை அங்கே மாற்றிப் போட்டார்கள். யுத்தம் முடிந்துவிட்டது, சட்டம் முடியவில்லை.

நம் ஊர்ப் பெண்கள் அந்தப் பக்கம் போய் நடவு நட்டு, களை எடுத்து, அறுத்துக் கொடுக்கிறவர்கள். கூலி காசாக வராது, நெல்லாகத்தான் வரும். சட்டப்படி பார்த்தால் சாயங்காலம் கூலியோடு வீடு திரும்புகிற ஒவ்வொருத்தியும் கள்ளக் கடத்தல்காரி. பெர்மிட் வாங்கலாம் என்றால் திருமயம் வரைக்கும் நடக்க வேண்டும், ஒரு நாள் கூலிக்கு ஒரு நாள் நடை. உன் அப்பா யோசித்தார். மூட்டையாகத் தலையில் வைத்துக்கொண்டோ வண்டியில் ஏற்றியோ வந்தால் பெர்மிட் கேட்பது, சேலை மடியில் கட்டிக்கொண்டு வந்தால் கேட்பதில்லை என்று தாமாகவே ஒரு முறை வைத்துக்கொண்டார். யாராவது வம்புக்கு இழுத்தால், "தலையில இருந்தாத்தான்யா சரக்கு. மடியில இருக்கிறது அவுக சோறு. சோத்துக்கு எவன் பெர்மிட் கேப்பான்?" என்பார். மடியில் எவ்வளவு பிடிக்கும்? ஒரு வீட்டுக்கு ஒரு நாள் கஞ்சிக்குக் காணும், அவ்வளவுதான்.

ஊருக்கெல்லாம் கொடுத்த அந்த மடிச் சலுகை எனக்கு மட்டும் கிடையாது என்பது உனக்குத் தெரியும். என் அப்பா சீராகக் கொடுத்த வயல் ஓடைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதில் விளைந்த நெல்லை அங்கேயே விற்றுவிட்டு, இங்கே ரேஷனில் புழுத்த அரிசியை வாங்கிப் பொங்கினேன். ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல், ஊரே கொண்டுவருகிறது, நான் ஒரு மடி கொண்டுவந்தால் சமஸ்தானம் கவிழ்ந்துவிடுமா என்று கேட்டேன். "நீ சாவடிக்காரன் பொண்டாட்டி. ஒனக்கு மடி கெடையாது" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு வைத்த குழம்பில் வேண்டுமென்றே உப்புப் போடவில்லை. அதையும் வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்த மனுஷர் அவர்.

நீ பி.ஏ. தேறியபோது, இந்த மாதிரி சட்டங்களை எல்லாம் நிர்வாகம் பண்ணப் படித்த ஆள் வேண்டும் என்று சமஸ்தானமே உன்னைப் பட்டணத்துக்கு அனுப்பியது. பி.ஏ.வுக்கும் மேலே, பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன் படிப்பு. அந்தப் பேரைச் சொல்லப் பழகவே எனக்குப் பத்து நாள் ஆயிற்று. "அது என்ன படிப்பு ஆத்தா, வைத்தியமா வக்கீலா?" என்று ஊர்ப் பெண்கள் கேட்டார்கள். "ஆபீஸ் ஏன் இப்படி இருக்குதுன்னு கண்டுபிடிக்கிற படிப்பு" என்றேன். "அதுக்குப் படிப்பு வேறயா, எங்கள வந்து கேட்டா சொல்லிற மாட்டோமா!" என்று சிரித்தார்கள். சமஸ்தானம் செலவுக்குக் கொடுக்கும், நீ முடித்ததும் திரும்பி வந்து இங்கேதான் உத்தியோகம் பார்க்க வேண்டும், வேறு எங்கும் போகக்கூடாது, எழுதுகிற ஆராய்ச்சியில் ஒரு பிரதி தலைமை ஆபீசுக்கு அனுப்ப வேண்டும் என்று பத்திரம் நீட்டினார்கள். நீயும் உன் அப்பாவும் கையெழுத்துப் போட்டீர்கள். உத்தியோகம் வீடு தேடி வருகிறது என்ற சந்தோஷத்தில் கடைசி நிபந்தனையை யார் கவனித்தோம்?

போன தையில் ஆராய்ச்சிக்கு என்று நீ வந்து சாவடியில் உட்கார்ந்தாயே, அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, கூடவே அழுகையும் வருகிறது. முதல் நாள் உன் அப்பா பண்ணிய அட்டகாசத்தை மறந்திருக்க மாட்டாய். மடித்து வைத்திருந்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்திலிருந்து உனக்கு நாற்காலி இரவல் வாங்கி வந்து, எதிரே வருகிற ஈ எறும்பிடம்கூடப் பெர்மிட் கேட்டார். மகன் முன்னால் சட்டம் என்றால் சட்டமாக இருக்க வேண்டுமாம். சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். அவர்களையும் நிறுத்தினார். பொன்னாத்தா, நமக்கு மேலத் தெரு, வாய்த்துடுக்குக்காரி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள், "ஏஞ் சாமி, மகன் வந்துட்டா எங்களுக்குப் பசி நின்னு போகுமாக்கும்?" உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த நான் தூக்குச்சட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "போங்க, போங்க" என்று கையைக் காட்டிவிட்டுக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

நீ கேட்டாய், "அப்பா, இது சட்டத்துல எங்க இருக்கு?" என்று. "எனக்கென்னப்பா தெரியும். படிச்சவன் நீதான, எங்க இருக்குன்னு தேடிச் சொல்லு" என்று அவர் விளையாட்டாகச் சொன்னார். நீ அதை வினையாகவே எடுத்துக்கொண்டாய். சட்டத்தில் எங்கும் இல்லை என்று கண்டுபிடித்து, இல்லாததைச் சேர்க்க வேண்டும், கூலி நெல்லுக்கு விலக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு அத்தியாயமே எழுதினாய். உன் வாத்தியார்கள் புகழ்ந்தார்கள் என்று நீ எழுதியபோது உன் அப்பா அந்தக் கடிதத்தைச் சாவடியில் பெர்மிட்டுக்கு நின்ற வண்டிக்காரர்களுக்கெல்லாம் படித்துக் காட்டியிருக்கிறார். படிப்புக்கு எழுதுவதைப் பரீட்சைக்காரர்கள் படிப்பார்கள், மார்க் போடுவார்கள், கட்டிப் பரணில் போடுவார்கள் என்றுதானே மூன்று பேருமே நினைத்தோம்? பத்திரத்தில் சொன்னபடி நீயே ஒரு பிரதியைத் தலைமை ஆபீசுக்குத் தபாலில் அனுப்பினாய். உன் யோசனைகளை அங்கே யார் படித்தார்களோ தெரியாது. தெற்கு எல்லையில் ஒரு சாவடிக்காரர் பெர்மிட் இல்லாமல் தானியம் விடுகிறார் என்கிற இடத்தை மட்டும் நன்றாகப் படித்துவிட்டார்கள்.

கார்த்திகையில் விளக்கம் கேட்டு உன் அப்பாவுக்குக் காகிதம் வந்தது. விசாரணை முடிகிறவரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று சாவியையும் முத்திரையையும் வாங்கிக்கொண்டார்கள். உனக்கு இதையெல்லாம் ஏற்கெனவே எழுதினேன். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு, அதை இப்போது சொல்கிறேன். உன் அப்பாவின் இடத்தில் டவுனிலிருந்து இரண்டு காவல்காரர்களைப் போட்டார்கள். சாயங்காலம் திரும்புகிற பெண்களை ரோட்டில் வரிசையாக நிறுத்தி, மடியை அவிழ்த்து உதறச் சொன்னார்கள். அத்தனை ஆம்பிளைகள் பார்க்க. முதல் நாள் உதறிய நெல்லை அப்படியே மண்ணில் விட்டுவிட்டு வந்தார்கள். மறுநாளிலிருந்து யாரும் ஓடை தாண்டவில்லை. தை அறுப்பு, வருஷத்துக்கு அவர்கள் நம்பி இருக்கிற ஒரே அறுப்பு, கண்ணுக்கு எதிரே நடக்கிறது. அந்தப் பக்கத்து மிராசுகள் வேறு ஊரிலிருந்து ஆள் இறக்கிவிட்டார்கள். இந்தக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் நம் பெண்கள். இங்கிட்டும் வேலை இல்லை, அங்கிட்டும் போக வழியில்லை.

பொன்னாத்தா ஒரு நாள் கொல்லைப்பக்கமாக வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நானும் தயாராகத்தான் இருந்தேன். அவள் சத்தமே போடவில்லை. "ஆத்தா, தம்பி எங்களப் பத்தி நல்லதாத்தான் எழுதியிருக்கும். அது மனசு எனக்குத் தெரியாதா. ஆனா எங்கள எதுக்கு எழுதுச்சு? நாங்க யாரு கண்ணுலயும் படாமத்தான ரெண்டு வருசமா சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம்?" என்றாள்.  இதற்கு உனக்குப் பதில் வருகிறதா? நீ நாளைக்கு ஆபீசில் உட்கார்ந்து இப்படி ஆயிரம் பேரைப் பற்றி எழுதப் போகிறவன். எழுதுவதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். இது ஒன்றைத்தான் புத்தி என்று உனக்குச் சொல்வேன், மற்றதெல்லாம் நீ படித்தவன்.

உன் கடிதம் வந்தபோது நாங்கள் இப்படித்தான் இருந்தோம். உன் அப்பா "அது உண்மைதான்" என்றால் அவருடைய வேலையும் பென்ஷனும் போகும், கேஸும் வரலாம். "பொய்" என்றால் உன் ஆராய்ச்சி பொய், பட்டம் பொய், பொய் எழுதியவனுக்குச் சமஸ்தானத்தில் உத்தியோகமும் இல்லை. ஒருவர் வெளியே வந்தால் மற்றவர் உள்ளே மாட்டிக்கொள்கிற மாதிரி கதவு. நான் உன்னைத்தான் விட்டுக்கொடுக்கத் தீர்மானித்தேன். ஆமாம், பெற்றவள்தான் சொல்கிறேன். உனக்கு வயது இருக்கிறது, இங்கிலீஷ் இருக்கிறது, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாய். அவருக்கு அந்தச் சாவடியை விட்டால் என்ன இருக்கிறது? அதனால் உன் யோசனைக்குச் சரி என்று எழுதினேன். அவருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தேன். "நான் அப்படி யாரையும் விட்டதில்லை. பையன் விவரம் தெரியாமல் கதை கட்டி எழுதிவிட்டான். இந்த இரண்டு வாக்கியம் போதும், மூன்றாவது வாக்கியம் பேசாதீர்கள்" என்றேன். தலையை ஆட்டினார். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

நேற்று விசாரணை. அதிகாரி சாவடிக்கே வந்தார். உன்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார், மரியாதையான பிள்ளை. உன் அப்பாவை உட்காரச் சொன்னார், இவர் உட்காரவில்லை. ஊர்ப் பெண்கள் எல்லாம் வந்து சாவடிக்கு வெளியே நின்றார்கள். நானும் அவர்களோடு நின்றேன். அதிகாரி முதலிலேயே சொல்லிவிட்டார், "பெரியவரே, ஒங்க மகனே இதெல்லாம் கற்பனைன்னு எழுதித் தர்றதா இருக்காருன்னு சர்வகலாசாலையிலேருந்து எனக்குச் சேதி வந்திருக்கு. நீங்களும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா இன்னைக்கே ஃபைலை மூடிட்டுப் போயிருவேன்." எனக்கு உயிர் வந்தது. சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று வெளியே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஆனால் சட்டப்படி முதலில் அந்த இடத்தைப் படித்துக் காட்ட வேண்டுமாம். உன் புத்தகத்தை எடுத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று நேற்றுத்தான் நாங்கள் இருவரும் கேட்கிறோம். உன் அப்பாவுக்குப் பெர்மிட் படிக்கிற அளவுக்குத்தானே இங்கிலீஷ். எனக்கு அதுவும் கிடையாது. தானியம் கடத்துகிறவனையும், கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவளையும் சட்டம் ஒரே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, இந்தச் சாவடிக்காரர் அப்படிக் கூப்பிட மறுக்கிறார் என்று எழுதியிருந்தாயாம். விட்டதற்குக் கூலியாக ஒரு பிடி நெல்கூட இவர் யாரிடமும் கைநீட்டி வாங்கி நான் பார்க்கவில்லை, தம் வீட்டாருக்கு இந்தச் சலுகையை இவர் கொடுத்ததும் இல்லை என்று எழுதியிருந்தாயாம். அடப்பாவி, நம் வீட்டு ரேஷன் அரிசி வரைக்கும் போயிருக்கிறதா உன் ஆராய்ச்சி! பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது என்று அதையும் அதிகாரி படித்தார். "இந்தச் சாவடிக்காரர் என் தகப்பனார். ஆகையால் என் கருத்தில் பட்சபாதம் இருக்கக்கூடும் என்று படிப்பவர்கள் நினைத்தால் அது நியாயமே." படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார்.

அதை எழுதச் சொல்லி உன்னை யார் கேட்டது? ஊர் பெயர் போடவில்லை, ஆள் பெயர் போடவில்லை, அடியில் மட்டும் தகப்பனார் என்று போட்டு வைத்திருக்கிறாய். அப்படிப் போடுவதுதான் உன் படிப்பில் முறை என்பாய். இருக்கட்டும். உன் அப்பா அதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் சொல்லிக்கொடுத்த இரண்டு வாக்கியமும் போயிற்று என்று. "உள்ளதுதாங்க" என்றார். அதிகாரி பதறிப்போய், "பெரியவரே, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். "யோசிக்க என்ன இருக்கு. எம் மகன் பார்த்தத எழுதியிருக்கான். பார்க்காதத எழுதல. கற்பனைன்னு அவன் சொன்னான்னா அது எனக்காகச் சொல்றது, அத நம்பாதீக" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பொன்னாத்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்த மனுஷரை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அந்தக் கோபத்துக்குள்ளேயே பெருமையும் வந்து தொலைத்தது.

இப்போது விளங்குகிறதா, ஏன் எழுதிக் கொடுக்காதே என்றேன் என்று? நீ கற்பனை என்று எழுதினால் இனிமேல் பொய்யர் ஆகப்போகிறவர் அவர். வேலை போவது போகத்தான் போகிறது, அதிகாரியே முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். பென்ஷன் என்ன ஆகும் என்று தெரியாது. மடி நெல்லை விடுவதா என்று மேலே எழுதிக் கேட்கிறாராம், பதில் வருவதற்குள் அறுப்பு முடிந்துவிடும். நீ சித்திரையில் பட்டம் வாங்கி, பத்திரத்தில் போட்ட கையெழுத்துக்காக, உன் அப்பாவை வீட்டுக்கு அனுப்பிய அதே ஆபீசில் வந்து உட்கார்ந்தாக வேண்டும். வேறு எங்கும் போகவும் முடியாது. அந்தக் காகிதங்கள் எல்லாம் உன் மேஜைக்கே வரும். வந்தால் மூடி வைக்காதே. கூலி நெல்லுக்கு விலக்குக் கேட்டு நீ எழுதினாயே, அதை அங்கே உட்கார்ந்து தினமும் கேட்டுக்கொண்டே இரு. அவர்கள் அலுத்துப்போகட்டும், நீ அலுக்காதே. எங்களைக் காப்பாற்ற வழி தேடாதே, அந்த வழி நேற்றோடு அடைபட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா கைகால் கழுவிக்கொண்டு இலை போடு என்றார். இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வெற்றிலை போட்டுக்கொண்டு, "ஏம்மா, அந்த ஆபீசர் வேகவேகமாப் படிச்சுட்டாரு. கூப்பிட மறுக்கிறாருன்னு வந்துச்சே, அதுக்கு அடுத்தது என் காதுல சரியா விழல. இந்த ஊருல இங்கிலீசு படிச்சுச் சொல்ல யாரு இருக்கா?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். இந்த வாரமே லீவு போட்டுவிட்டு வா. உன்னிடம் இருக்கிற பிரதியை எடுத்து வா. பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்துத் தமிழில் சொல்லு. அவசரப்பட வேண்டாம். காலையில் எழுந்தால் அவருக்குப் போவதற்கு இப்போது இடம் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா